நம் ஊர்ச் சாலைக்கு ஏற்ற டயர் எது?

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் சங்க அன்பர்களுக்கு நெடுஞ்சாலைப் பயணம் புதிதல்ல. வைத்தியத்துக்கு வேலூர், கல்யாணம் காதுகுத்துக்குச் சென்னை, வேலையில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் பெங்களூர், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் திருமலை என்று மாதம் ஒருமுறையாவது காரை வெளியே எடுக்காத குடும்பம் நம்மில் குறைவு. கார் வாங்கும்போது நிறம், இருக்கை, ஏ.சி., லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கிறோம். சாலையைத் தொட்டுக்கொண்டு ஓடுவது டயர் ஒன்றுதான். அதைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. அடியேனும் அப்படி இருந்தவன்தான், 2019-ஆம் ஆண்டு மே மாதம் வரை.

என் தாயாருக்கு முதுகெலும்புத் தேய்மானம். மாதம் ஒருமுறை திருப்பதியிலிருந்து வேலூருக்கு அழைத்துப் போக வேண்டும். போகவர 200 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். சாலையில் சிறு பள்ளம் வந்தாலும் பின் இருக்கையிலிருந்து "அப்பா" என்று ஒரு முனகல் வரும். அன்றைக்கும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம். பகல் பதினொரு மணி வெயில். புத்தலப்பட்டு தாண்டிச் சித்தூரை நோக்கிப் போகும்போது பின்பக்கம் வெடி வெடித்தாற்போல் ஒரு சத்தம். வண்டி வாலை ஆட்டிக்கொண்டு ஒரு பக்கமாக இழுத்தது. பக்கத்தில் லாரி எதுவும் வராமலிருந்தது ஆண்டவன் செயல். ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தால், பின்பக்க இடது டயர் பக்கவாட்டில் கிழிந்து கந்தலாகத் தொங்குகிறது. அம்மாவுக்கு அடி எதுவும் இல்லை. ஆனால் கைகால் நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆயிற்று.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு சித்தூர் வந்து ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் அறுபது வயதைத் தாண்டிய பெரியவர். கிழிந்த டயரைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எப்ப வாங்கினது சார்?"

"மூணு வருஷம் இருக்கும் பெரியவரே. புதுசாத்தான் வாங்கினேன். பட்டன்கூட இன்னும் தேயலையே?"

"பட்டன் தேயலை, சரி. ஆனா இது 2012-ல செஞ்ச டயரு. நீங்க வாங்கும்போதே அதுக்கு நாலு வயசு. ஆடு வாங்கறவன் பல்லைப் பிடிச்சுப் பாத்துத்தான் வாங்கறான். டயரு வாங்கறவன் இதைப் பாக்கறதில்லை" என்று டயரின் ஓரத்தில் இருந்த நான்கு எண்களைக் காட்டினார்: 3112.

"காத்து எப்பப் பிடிச்சீங்க?" என்று அடுத்த கேள்வி. எனக்கு நினைவே வரவில்லை. இரண்டு மாதம் ஆகியிருக்கலாம். விற்றவர் பழைய சரக்கைத் தலையில் கட்டினார் என்பது உண்மை. வாங்கிய நான் பார்க்கவில்லை, வாங்கியபின் கவனிக்கவும் இல்லை என்பதும் உண்மை. அந்தப் பெரியவரிடம் தொடங்கிய பாடத்தைப் பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். நம் அன்பர்களுக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

'ஆல்-சீசன்' என்றால் என்ன?

நான்கு டயர்களையும் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தபோது, டொரன்டோவிலிருந்து என் தங்கை மகன் விடுமுறையில் வந்திருந்தான். "மாமா, ஆல்-சீசன் டயராப் பார்த்து வாங்குங்க. எல்லாக் காலத்துக்கும் அது ஒண்ணே போதும்" என்றான். நானும் நம்பிக் கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "இங்கே எல்லாமே ஆல்-சீசன்தான் சார்" என்றார். இருவர் சொன்னதும் அவரவர் ஊருக்குச் சரிதான்.

குளிர்நாடுகளில் டயர்கள் மூன்று வகைப்படும். கோடைக்கால டயர், பனிக்கால டயர், இரண்டுக்கும் நடுவே அனைத்துப் பருவ டயர். ரப்பர் குளிரில் இறுகும் பொருள். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடைக்கால டயரின் ரப்பர் விறைத்துச் சாலையைப் பிடிக்கும் தன்மையை இழக்கத் தொடங்குகிறது. அதனால் அங்கே பனிக்காலத்துக்கென மெதுவான ரப்பரில் தனி டயர் செய்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவை டயர் மாற்றும் தொல்லையைக் குறைக்க, 1977-இல் அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் 'டியெம்போ' என்ற பெயரில் அனைத்துப் பருவ டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வெயிலிலும் மழையிலும் இலேசான பனியிலும் ஓரளவு சமாளிக்கும் டயர் அது. 'ஓரளவு' என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவாகச் செய்த பொருள் எதிலும் முதலிடம் பெறாது.

நமக்குப் பனி ஏது? ஹார்ஸ்லி மலையில் மார்கழிக் குளிர் அடித்தாலும் சாலை உறைவதில்லை. ஆகவே 'ஆல்-சீசன்' என்ற பெயரைத் தேடிக் கூடுதல் பணம் கொடுக்க நமக்கு அவசியமில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நம்முடைய பருவங்கள் எவை, அவற்றுக்கு ஈடுகொடுக்கும் டயர் எது என்பதே அது.

நம் ஊரின் இரண்டு சோதனைகள்

முதல் சோதனை வெயில். ஏப்ரல், மே மாதங்களில் திருப்பதியில் 40 டிகிரியைத் தாண்டுவது வாடிக்கை. அது நிழலில் வைத்து எடுத்த கணக்கு. நண்பகலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியையும் கடக்கும். அதன்மேல் ஓடும் டயர் தானும் சூட்டை உண்டாக்குகிறது. சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் சாலையைத் தொடும் இடத்தில் நசுங்கி, மறுபடி நிமிர்கிறது. கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் சூடேறுவது போலத்தான் இதுவும். காற்றுக் குறைந்திருந்தால் நசுங்குவது அதிகம், சூடும் அதிகம். மேலே பாரம், கீழே கொதிக்கும் சாலை, உள்ளே குறைந்த காற்று, அதோடு வயதான ரப்பர் எல்லாம் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை அன்று புத்தலப்பட்டு அருகே பார்த்தேன்.

இரண்டாவது சோதனை மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல் சின்னம் உருவானால் நமக்கு அடைமழை. 2021 நவம்பரில் திருப்பதி நகரத் தெருக்களில் வெள்ளம் ஓடியதையும், திருமலைப் பாதைகளில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். டயரின் மேற்பரப்பில் இருக்கும் பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. சாலையில் தேங்கிய நீரை வாரி வெளியே தள்ளும் வாய்க்கால்கள் அவை. பட்டன் தேய்ந்து வாய்க்கால் ஆழம் குறைந்தால், வேகமாகப் போகும்போது தண்ணீர் வெளியேற நேரம் கிடைக்காது. டயர் சாலையை விட்டுத் தண்ணீரின் மேல் மிதக்கும். அந்த வினாடிகளில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் இருந்தும் இல்லாதவைதான். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழை இன்னும் மோசம். சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் நீரில் குழைந்து வழுக்கும்.

வெயிலைத் தாங்கும் உடலும் மழையில் பிடிக்கும் பாதமும் உள்ள டயரே நமக்கு எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது.

பக்கச் சுவரில் எழுதிய ஜாதகம்

ஒவ்வொரு டயரின் ஜாதகமும் அதன் பக்கச் சுவரில் அச்சிடப்பட்டிருக்கிறது. படிக்கத் தெரிந்தால் போதும். உதாரணமாக 185/65 ஆர் 15 88 ஹெச் என்று இருப்பதாகக் கொள்வோம்.

முதலில் வரும் 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 65 சதவீதம் என்பதைக் குறிக்கும். அதாவது ஏறத்தாழ 120 மில்லிமீட்டர். 'ஆர்' என்றால் ரேடியல் டயர். இன்று கார்களில் காண்பதெல்லாம் பெரும்பாலும் ரேடியலே. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

அடுத்த 88 என்பது பாரக் குறியீடு. எண்பத்தெட்டுக் கிலோ என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். அட்டவணைப்படி 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும். 82 என்றால் 475 கிலோ, 91 என்றால் 615 கிலோ. கடைசியில் வரும் எழுத்து வேகக் குறியீடு. 'எஸ்' 180 கிலோமீட்டர், 'டி' 190, 'ஹெச்' 210, 'வி' 240. நாலு வழி நெடுஞ்சாலையில் கார்களுக்கு 100 கிலோமீட்டர் என்பது 2018-இல் மத்திய அரசு அறிவித்த உச்ச வேகம். ஆகவே அதிக வேக எழுத்துக்கு ஆசைப்பட வேண்டியதில்லை. ஆனால் கார்க் கம்பெனி சொன்ன பாரக் குறியீட்டுக்கும் வேகக் குறியீட்டுக்கும் குறைவாக ஒருபோதும் வாங்கலாகாது. கம்பெனி சொன்னது எது என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய தாளிலும், காரோடு தந்த கையேட்டிலும் இருக்கும்.

இனி அந்தப் பெரியவர் காட்டிய நான்கு எண்கள். ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கும். முதல் இரண்டு எண்கள் வாரம், அடுத்த இரண்டு வருடம். 3112 என்றால் 2012-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரத்தில் செய்தது. 2000-ஆம் ஆண்டிலிருந்து இந்த முறை வழக்கத்தில் உள்ளது. சில டயர்களில் இது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அது உட்புறம் போய்விட்டால் மாட்டிய பிறகு குனிந்துதான் தேட வேண்டும். ஆகவே மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். காற்றும் வெயிலும் பட்டு எண்ணெய்ப் பசை குறைந்து, நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். ஐந்து வயதுக்குமேல் ஆண்டுதோறும் ஒரு நிபுணரிடம் காட்ட வேண்டும் என்பதும், எத்தனை நன்றாகத் தெரிந்தாலும் பத்து வயதுக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்பதும் டயர்க் கம்பெனிகள் பொதுவாகக் கூறும் அறிவுரை. கார்க் கம்பெனிகள் சில ஆறு வயதிலேயே மாற்றச் சொல்கின்றன. வெயில் கொளுத்தும் நம் ஊருக்கு ஆறு வருடக் கணக்கே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

பழைய சரக்கை வாங்கிக்கொள்ள வேண்டிய கதி நமக்கு இல்லை. சுற்றிலும் டயர்த் தொழிற்சாலைகள். சத்தியவேடு பக்கம் சின்னபாண்டூரில் அப்பல்லோ டயர்ஸ் தொழிற்சாலைக்கு 2018 ஜனவரியில் அடிக்கல் நாட்டி, 2020-இல் உற்பத்தி தொடங்கினார்கள். அன்று அது சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரலில் மாவட்டம் பிரிந்தபின் திருப்பதி மாவட்டம். எல்லைக்கு அப்பால் தேர்வாய்க் கண்டிகையில் மிஷெலின், அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப்., ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே. டயர் என்று வரிசையாக இருக்கின்றன. இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு நாலு வயது டயரைப் புதியது என்று வாங்குவது, கடற்கரையில் குடியிருந்துகொண்டு கருவாடு வாங்கிச் சாப்பிடுவது போலத்தான். செய்து ஆறு மாதத்துக்குள் உள்ள டயரைக் கேளுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்டதை "வேண்டாம்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

சொகுசு எங்கிருந்து வருகிறது?

என் அம்மாவின் முதுகுக்கு இதமாக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம். சொகுசு என்றால் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மட்டுமே என்று நினைத்திருந்தேன். பள்ளத்தின் முதல் அடியை வாங்குவது டயரின் பக்கச் சுவர். அது உயரமாக இருந்தால் காற்று மெத்தை தடிமனாக இருக்கும்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். பெரிய அலாய் வீல் போட்டால் வண்டி எடுப்பாக இருக்கும் என்று 15 அங்குல ரிம்மை 16 ஆக்குகிறார்கள். மேலே சொன்ன 185/65 ஆர் 15-க்குப் பதில் 195/55 ஆர் 16 போட்டால், சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான். ஆனால் பக்கச் சுவர் 120 மில்லிமீட்டரிலிருந்து 107 ஆகக் குறைகிறது. ஒரு விரற்கடை மெத்தை போயிற்று. வளைவில் வண்டி கொஞ்சம் விறைப்பாகத் திரும்பும் என்பது மெய். பள்ளத்தில் விழுந்தால் முதுகில் இடிக்கும், ரிம்மும் வளையலாம் என்பதும் மெய். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கம்பெனி தந்த அளவிலேயே இருப்பது உத்தமம்.

அடுத்தது சத்தம். பட்டன் பெரிது பெரிதாக, இடைவெளி அகலமாக உள்ள டயர்கள் மண்பாதைக்கும் சேற்றுக்கும் ஏற்றவை. நெடுஞ்சாலையில் அவை வண்டு போல ரீங்காரமிடும். ஜீப் வகை வண்டி வைத்திருப்பவர்கள் தோட்டம் துரவுக்குப் போவதில்லை என்றால், 'ஏ.டி.' என்ற எழுத்துள்ள முரட்டு டயரை விட்டு 'ஹெச்.டி.' என்ற நெடுஞ்சாலை டயரைக் கேட்பது நல்லது. 2022 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, டயர்களுக்கு மூன்று விஷயங்களில் அளவுகோல் வைத்தது. உருளும்போது எவ்வளவு சக்தியை விழுங்குகிறது, ஈரச் சாலையில் எப்படிப் பிடிக்கிறது, எவ்வளவு சத்தம் போடுகிறது என்பவை அவை. முதலாவது நம் பெட்ரோல் செலவு, இரண்டாவது உயிர், மூன்றாவது காதுக்கு நிம்மதி.

எத்தனை கிலோமீட்டர் வரும்?

டயர்க் கடைக்குப் போனால் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் வரும்?" என்பதுதான். நடுத்தரக் குடும்பத்தாருக்கு அது நியாயமான கேள்வி. ஆனால் முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. கெட்டியான ரப்பர் மெதுவாகத் தேயும், நாள் கூட வரும். ஆனால் பொதுவாக ஈரத்தில் பிடிமானம் குறையும், ஓட்டமும் விறைப்பாக இருக்கும். மெதுவான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். நல்ல கம்பெனிகள் சிலிக்கா கலந்து இரண்டையும் ஓரளவு சமன்செய்கின்றன. ஆனாலும் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைவது முற்றிலும் நீங்கவில்லை.

சில டயர்களில் 'ட்ரெட்வேர்' என்ற சொல்லும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும், 'ட்ராக்ஷன்', 'டெம்பரேச்சர்' என்ற சொற்களின் பக்கத்தில் ஏ, பி, சி எழுத்துக்களும் இருக்கும். இது அமெரிக்க அரசின் தரப் பகுப்பு. எண் பெரிதானால் தேய்மானம் மெதுவாக இருக்கும். 'டெம்பரேச்சர்' என்பது சூட்டைத் தாங்கும் திறன். இதில் 'ஏ' தான் உயர்ந்தது. மே மாத வெயிலில் ஓட்டும் நமக்கு, இந்தக் குறி உள்ள டயராக இருந்தால் அந்த எழுத்தை முதலில் பார்ப்பது புத்திசாலித்தனம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்பதையும் பார்க்க மறக்கக் கூடாது.

காசில்லாத வைத்தியம்: காற்று

எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், பாரத்தைத் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்றுதான். கதவுத் தூணில் உள்ள தாளில் இரண்டு அளவுகள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று இரண்டு மூன்று பேர் போகும்போது, மற்றொன்று முழுப் பாரத்துக்கு. ஐந்து பேரும் பெட்டிகளுமாகச் சென்னைக்குப் புறப்பட்டால் இரண்டாவது அளவுதான் கணக்கு.

காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரைப் பவுண்டு ஏறும். நெடுந்தூரம் ஓடி வந்து அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும். "வெயில் காலம் சார், கொஞ்சம் இறக்கிடட்டுமா?" என்று காற்றுப் பிடிக்கும் பையன் கேட்பான். தலையாட்டிவிடாதீர்கள். சூடான டயரில் காற்றை இறக்கினால், ஆறியபின் அளவுக்கும் குறைவாகிவிடும். வெயில் காலத்தில் காற்றைக் குறைக்க வேண்டும் என்ற நம் ஊர் நம்பிக்கை தலைகீழானது. குறைந்த காற்றே சூட்டை வளர்க்கிறது. சொகுசுக்காகக் குறைப்பதும் அதே தவறுதான். நானும் அம்மாவுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று ஒருகாலத்தில் அப்படிச் செய்தவன். அளவுக்கு மேல் ஏற்றினாலும் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, வண்டி குதிக்கும்.

நைட்ரஜன் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜன் நிரப்பினால் அழுத்தம் குறைவது சற்று மெதுவாக இருக்கும், அவ்வளவே. அதை நிரப்பிவிட்டோம் என்று ஆறு மாதம் பார்க்காமல் விடுவதைக் காட்டிலும், சாதாரணக் காற்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பது மேல். ஸ்டெப்னிக்கும் அப்போதே பிடித்துவிடுங்கள்.

திருமலைப் பாதையில்

நம் பகுதி டயர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 1944-இல் திறந்த பழைய மலைப்பாதை வழியாக இப்போது இறங்குகிறோம். 1974-இல் வந்த இரண்டாவது பாதை வழியாக ஏறுகிறோம். இறங்கும் பாதையில் வளைவுகள் ஐம்பதுக்கும் மேல். ஒவ்வொரு வளைவிலும் முன் டயர்களின் ஓரம் சாலையில் உரசித் தேய்கிறது. ஆகவே அடிக்கடி மலையேறுகிறவர்கள் டயரின் நடுப்பகுதியை மட்டும் பார்க்காமல் இரு ஓரங்களையும் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி வைத்துவிட்டுப் பார்த்தால் நன்றாகத் தெரியும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு ரிம் வழியாக டயருக்கும் வரும். இரண்டாவது கியரில் வண்டியை அடக்கி இறங்குவதே முறை. 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் டயர்களை இடம் மாற்றி, வீல் அலைன்மென்ட்டும் பேலன்ஸிங்கும் பார்த்துக்கொண்டால் நான்கும் ஒரே சீராகத் தேயும்.

எப்போது மாற்றுவது?

பள்ளங்களுக்கு இடையே ஆங்காங்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. சட்டப்படியும் கார்களுக்கு அதுவே எல்லை. ஆனால் சட்டம் சொல்வது கடைசிக் கோடு. மழைக்காலம் வரும்போது 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. பக்கச் சுவரில் வீக்கம் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்பதற்கு அது அடையாளம். எந்த வல்கனைசிங்கும் அதைச் சரிசெய்யாது.

நான்கையும் ஒரே சமயத்தில் வாங்க வசதிப்படாதவர்கள் இரண்டு வாங்கலாம். அந்தப் புதிய இரண்டைப் பின்சக்கரத்தில் போடுங்கள். "முன்னாடிதானே சார் போடணும்?" என்று கடையில் சொல்வார்கள். ஈரச் சாலையில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேரே போகும். ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி ஓரளவு சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும்.

இத்தனைக்கும் பிறகு ஓடும்போது டயர் வெடித்தால்? பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை இரு கையாலும் கெட்டியாகப் பிடித்து, வண்டியை நேராக வைத்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, வேகம் தணிந்தபின் இடது ஓரம் ஒதுங்க வேண்டும். அன்று நான் பிரேக்கை மிதித்தேன். பிழைத்தது என் சாமர்த்தியத்தால் அல்ல.

முடிவாக

கடைக்குப் போகுமுன் ஒரு துண்டுத் தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: கதவுத் தூணில் உள்ள அளவு, பாரக் குறியீடு, வேகக் குறியீடு. கடையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், நான்கு டயர்களிலும் தயாரித்த வாரம், வருடத்தையும் உங்கள் கண்ணால் பாருங்கள். ஈரப் பிடிமானம், சத்தம் பற்றிக் கேளுங்கள். எத்தனை கிலோமீட்டர் என்பதைக் கடைசியாகக் கேளுங்கள். பில்லில் டயரின் வரிசை எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள் நம் பெரியவர்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடும் நம் தேர், உள்ளங்கை அகலமே உள்ள நான்கு ரப்பர்த் துண்டுகளின் மேல் நிற்கிறது. நாம் நம்பி ஏற்றிக்கொள்வது நம் தாய் தந்தையரையும் பிள்ளைகளையும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அம்மா இரண்டு மாதம் காரில் ஏற மறுத்து, ரயிலில் காட்பாடி வரை வந்தார். முதுகு வலியோடு படியேறி இறங்கிப் பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. புது டயர்கள் போட்ட அன்று, அவர் எதிரிலேயே நான்கிலும் தேதியைப் படித்துக் காட்டினேன். இப்போது மாதாமாதம் வேலூருக்குக் கிளம்பும்போது பையை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஏம்பா, காத்துப் பாத்தியா?"

உங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் இருக்கட்டும்.